மிளகு கட்டிய நகரம்



2019ஆம் ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். அந்நிய வல்லரசுகள் நம் நாட்டுக்குள் நுழைந்த பாடம். "1511ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர்" என்று வெண்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகவிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்.

"அவங்க ஊர்ல என்ன இல்லைன்னு இவ்வளவு தூரம் வந்தாங்க, டீச்சர்?"

"மிளகு இல்லை" என்றேன். வகுப்பே சிரித்தது. ரசம் வைப்பதற்காகவா ஒரு நாட்டைப் பிடிப்பார்கள் என்று ஒருத்தி கேட்டாள். மணி அடித்துவிட்டது. நானும் தப்பித்தேன். அந்த ஒற்றை வரியைப் பல ஆண்டுகளாக எழுதிவந்தவள் நான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாள் தொடங்கி, அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அவ்வாண்டு இறுதி விடுமுறைக்கென ஈராண்டாகச் சேமித்து வைத்திருந்தோம். இலண்டனா, பாரிசா என்று வீட்டில் பேச்சு நடந்தது. நான் லிஸ்பன் என்றேன். மகளின் முகம் சுருங்கியது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆக, 2019 டிசம்பரில் எட்டு நாள் போர்த்துகலின் தலைநகரில் தங்கியிருந்தோம். அங்கே செல்லவிருக்கும் நண்பர்கள், பார்க்க வேண்டியவை யாவை என்று என்னிடம் கேட்பதுண்டு. பயண முகவர்கள் தரும் பட்டியலை நான் மீண்டும் எழுதப்போவதில்லை. மலாக்காவின் கோட்டை வாயிலைப் பார்த்து வளர்ந்த ஒருவர் அந்நகரில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பெலேம். நகர நடுவிலிருந்து 15ஆம் எண் டிராம் வண்டியில் ஏறினால் தேஜோ ஆற்றங்கரையில் உள்ள இப்பகுதிக்கு வந்துவிடலாம். 1497 ஜூலை 8ஆம் நாள் வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களோடும் ஏறத்தாழ 170 ஆட்களோடும் புறப்பட்டது இக்கரையிலிருந்துதான். மறு ஆண்டு மே மாதத்தில் அவர் கள்ளிக்கோட்டை அருகே நங்கூரமிட்டார். போனவர்களில் பாதிப் பேர்கூட உயிருடன் திரும்பவில்லை. ஆயினும் கடல்வழி கண்டாயிற்று. அதுவரை அரபு வணிகரும் வெனிசு நகரத்தாரும் கைமாற்றிக் கைமாற்றி விற்ற மிளகை, இனி லிஸ்பன் நேரே கொண்டுவந்து இறக்கலாம்.

அந்தப் பயணத்துக்கு நன்றிக்கடனாக மானுவல் மன்னர் எழுப்பியதுதான் ஜெரோனிமோஸ் மடாலயம். 1501இல் பணி தொடங்கியது. முடிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. வெண்மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல்லைக் கயிறாகவும் சங்கிலியாகவும் பவளக் கொடியாகவும் குடைந்து வைத்திருக்கிறார்கள். உள்முற்றத்தின் தூண்களில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அப்பணிக்குப் பணம் வந்த வழியைக் கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்கின் மேல் இருபதில் ஒரு பங்கு வரி விதித்தார் மன்னர். அவ்வரிக்குப் பெயரே 'மிளகின் இருபதிலொன்று' என்பதாகும். என் மாணவர்கள் சிரித்த அந்த மிளகு, அங்கே என் தலைக்கு மேல் கல் வளைவாக நின்றது. கேள்வி கேட்டவனுக்கு நான் சொன்ன விடை சரியானதுதான். ஆனால், சரியான விடையை இத்தனை சிறிதாகச் சொல்லலாமா?

கோயிலின் உட்பகுதியில் மானுவல் மன்னரின் கல்லறையைத் தவறவிடாதீர்கள். அதைச் சலவைக்கல் யானைகள் சுமந்து நிற்கின்றன. யானையே இல்லாத நாட்டில் அரசனின் உடலை யானைகள் தாங்குகின்றன. கீழ்த்திசை அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தச் சிற்பம் ஒரு பாடநூலைவிட நன்றாகச் சொல்லும். நுழைவாயிலருகே ஒருபுறம் வாஸ்கோ ட காமா, மறுபுறம் கவிஞர் கமோயின்சு. காமா 1524இல் கொச்சியில் இறந்தார். முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டு, பின்னர் தாயகம் கொண்டுவரப்பட்டார். கமோயின்சின் கல்லறையுள் இருப்பவை அவருடைய எலும்புகள்தாமா என்பதில் ஐயம் உண்டு. பின்னர் நான் சொல்லப்போகும் நிலநடுக்கம்தான் அதற்குக் காரணம். காமாவின் கல்லறை முன் சுற்றுலாப் பயணிகள் மெதுவாகப் பேசினார்கள். 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய புனிதப் பயணிகள் கப்பல் ஒன்றைப் பெண்களும் குழந்தைகளும் இருக்கவே எரித்தவரும் இவர்தான் என்று மகளிடம் சொன்னேன். "அப்புறம் ஏம்மா எல்லாரும் இப்படி அமைதியா நிக்கிறாங்க?" என்றாள். கோயிலுக்குள் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள் என்றேன். சமாளிப்புதான்.

ஆற்றோரமாக நடந்தால் பெலேம் கோபுரம். 1514 முதல் 1519 வரை கட்டிய காவல் கோபுரம். இதுவும் மடாலயமும் சேர்ந்து 1983இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. பிள்ளைகளோடு செல்பவர்கள் கோபுரத்தின் ஒரு மூலையில் ஒரு காண்டாமிருகத் தலையைத் தேடச் சொல்லுங்கள். காற்றிலும் மழையிலும் தேய்ந்து உருத்தெரியாமல் போயிருக்கிறது. ஆனால் அதன் கதை தேயவில்லை. குஜராத்து சுல்தான் போர்த்துக்கீசிய ஆளுநருக்கு அன்பளிப்பாகத் தந்த விலங்கு அது. 1515 மே 20ஆம் நாள் லிஸ்பனில் வந்திறங்கியது. உரோமர் காலத்துக்குப் பின் ஐரோப்பா உயிருடன் ஒரு காண்டாமிருகத்தைக் கண்டதில்லை. 'கண்டா' என்று அதற்குப் பெயர். குஜராத்தியர் அவ்விலங்கைக் குறித்த சொல்லையே பெயராக்கிவிட்டார்கள். நம் 'காண்டாமிருகம்' காதில் விழுகிறதல்லவா? செர்மானிய ஓவியர் தூரர் அதை நேரில் பார்க்காமலேயே, பிறர் வரைந்ததையும் எழுதியதையும் கொண்டு மரச்செதுக்குப் படமாக்கினார். அதன் உடல் முழுவதும் இரும்புக் கவசம் பூட்டியதுபோல் வரைந்துவிட்டார். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் பிள்ளைகள் அந்தத் தவறான படத்தையே பார்த்துப் படித்தார்கள். மன்னர் அவ்விலங்கைப் போப்பாண்டவருக்கு அன்பளிப்பாக அனுப்ப, 1516இல் இத்தாலியக் கரைக்கருகே கப்பல் மூழ்கியது. காண்டாமிருகம் நீந்தும், ஆனால் சங்கிலியால் கட்டியிருந்தார்கள்.

சற்றுத் தொலைவில் கப்பலின் முன்பகுதிபோல் ஆற்றை நோக்கி நீண்டிருக்கிறது கடற்பயணிகளின் நினைவுச்சின்னம். ஏறத்தாழ 52 மீட்டர் உயரம். பழங்காலத்ததென எண்ணிவிடாதீர்கள். 1940இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பி, 1960இல் கல்லிலும் சிமெந்திலும் நிலையாகக் கட்டியது. அப்போது நாட்டை ஆண்டவர் சர்வாதிகாரி சலசார். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் கையைவிட்டு நழுவத் தொடங்கிய காலம் அது. கைநழுவும்போதுதான் பழம்பெருமைக்குச் சிலை தேவைப்படுகிறது போலும். இளவரசர் என்ரிக்கே முன்னே நிற்க, அவருக்குப் பின்னால் இருபுறமும் 32 உருவங்கள். அவர்களுள் பெண் ஒருத்திதான். அவளும் இளவரசரின் தாய். கிழக்குப் பக்க வரிசையில் காமாவும் மெகல்லனும் புனித பிரான்சிஸ் சவேரியாரும் இருக்கிறார்கள். அவர்களிடையே மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க்கேயும் இருக்கிறார். முகத்தை நன்றாகப் பார்க்க முடியவில்லை. உயரம் அப்படி.

பெலேமில் இன்னொன்று உண்டு. தமிழாசிரியர் எவரும் அதை அறியாமல் அவ்விடத்தைக் கடக்கக் கூடாது. தமிழில் அச்சான முதல் நூல் எது என்று கேட்டால், 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்போம். தமிழ் எழுத்தில் அச்சானது என்றால் அது சரி. ஆனால், தமிழ் மொழியில் அச்சான முதல் நூல் அதற்கு 24 ஆண்டுகள் முன்னரே வெளிவந்துவிட்டது, இடம் லிஸ்பன். 1554 பிப்ரவரியில் வந்த அச்சிறு நூல் கிறித்துவ மறைபோதனைகளைக் கொண்டது. தமிழ் அதில் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அச்சிடப்பட்டிருக்கிறது. அதை உருவாக்கியோராக மூவர் பெயர்கள் உள்ளன: விசென்டே டி நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமே ட குருஸ். பெயர் போர்த்துக்கீசியமேயன்றி ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்த தமிழறிந்தவர்கள். மதம் மாறியபோது பெற்ற பெயர்கள் இவை. அவர்களின் தமிழ்ப் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. தாய்மொழியின் முதல் அச்சு நூலைக் குளிரடிக்கும் ஓர் அயல்நகரில், தம் பெயரையும் இழந்து செய்து முடித்த அம்மூவரையும் நினைத்துக்கொண்டு மடாலயத்தின் மேற்குப் பகுதியில் இருந்த அருங்காட்சியகத்துக்குள் சென்றேன். அந்நூலின் படி பெலேமில் காக்கப்படுவதாகத் தமிழ் அச்சு வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். அதைக் காணும் பேறு எனக்குக் கிட்டவில்லை. இத்தகைய அரிய நூலைப் பார்க்க முன்கூட்டியே எழுதி இசைவு பெற வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை, குறை என்னுடையது. செல்பவர்கள் இதை நினைவில் கொள்க.

நம் நாட்டவர்க்கு இதில் தனி உரிமை உண்டு. ஐரோப்பிய நூலகங்களில் இத்தகைய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி 1950களில் உலகுக்கு எழுதியவர் தனிநாயக அடிகள். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றவரும் அவரே. 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை அவர் அதே ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். 'தம்பிரான் வணக்க'த்தைத் தந்த என்ரிக்கே என்ரிக்கசு அடிகளும் போர்த்துகலின் வில்லா விசோசா ஊரில் பிறந்தவர். அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஐரோப்பியர் ஒருவர் நம் வேற்றுமை உருபுகளோடு மல்லுக்கட்டிய மிகப் பழைய ஏடுகளுள் அது ஒன்று. நம் மாணவர்கள் மட்டும்தான் அவற்றோடு போராடுகிறார்கள் என்று எண்ண வேண்டா.

மகளின் மனம் மாறியது ஓர் உணவகத்தில்தான். மாலையில் மழைக்கு ஒதுங்கினோம். பணியாள் ஒருவர் 'மேசா' என்று ஓரிடத்தைக் காட்டினார். பிறகு சாரல் அடிக்கிறதென்று 'ஜனேலா'வைச் சாத்தினார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, அவர் தமிழ் பேசுறாரா, மலாய் பேசுறாரா?" மேசை, ஜன்னல், சாவி, அலமாரி, துவாலை, கோப்பை, பொத்தான், பீப்பாய், ஏலம். இவையெல்லாம் போர்த்துக்கீசியம் நமக்குத் தந்த சொற்கள். மலாயிலும் மேஜா, ஜெண்டேலா, அல்மாரி, துவாலா என்று அவை இருக்கின்றன. மலாய் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டது: கொடிக்குப் பெண்டேரா, காலணிக்குச் செப்பாத்து, வெண்ணெய்க்கு மெந்தேகா. 'செக்கோலா'வும் அவர்களுடைய 'இஸ்கோலா'தான். அன்றிரவு விடுதியில் தாளை எடுத்து மகள் எழுதிய பட்டியல் முப்பதைத் தாண்டியது. நம் வகுப்பறையில் மேசை, ஜன்னல், அலமாரி ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கரும்பலகையும் நாற்காலியுமே. அக்கோட்டையின் கல் இடிந்தது, சொல் இடியவில்லை.

இனி நகர நடுவுக்கு வருவோம். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல் மக்கள் கோயில்களில் நிறைந்திருந்த வேளையில் நிலம் குலுங்கியது. தப்பியவர்கள் திறந்தவெளியென நம்பி ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே ஆழிப்பேரலை வந்தது. கோயில்களில் ஏற்றியிருந்த மெழுகுவத்திகளால் தீப்பிடித்து நகரம் பல நாள் எரிந்தது. இறந்தவர் பல்லாயிரம். 2004 டிசம்பரில் பினாங்கிலும் கெடாவிலும் கடல் பின்வாங்கி மீண்டதை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

குன்றின் மேலிருக்கும் கார்மோ மடத்துக்குச் செல்லுங்கள். நிலநடுக்கத்தில் இழந்த கூரையை இன்றுவரை போடாமலே விட்டிருக்கிறார்கள். கல் வளைவுகளுக்கு மேல் வானம் தெரியும். ஜெரோனிமோசைவிட என்னை அதிகம் ஈர்த்தது அதுதான். கீழே இறங்கினால் நேர்கோட்டில் ஓடும் பைக்சா வீதிகள். அமைச்சர் பொம்பால் காலத்தில் அடியோடு புதிதாகக் கட்டியவை. சுவருக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோல் பின்னி, நிலம் அசைந்தாலும் வீடு விழாதபடி செய்தார்கள். மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களைக் காலை ஓங்கி மிதித்து நடக்கச் சொல்லிச் சோதித்தார்களாம். ஆசிரியர்களுக்குப் பிடித்த செய்தி மற்றொன்று உண்டு. நாட்டிலுள்ள எல்லாப் பங்குக் கோயில்களுக்கும் பொம்பால் ஒரு வினாத்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை பேர் இறந்தனர்? கடவுளின் தண்டனை என்று ஊரே அழுதுகொண்டிருந்தபோது ஒருவர் கேள்வி கேட்டார். நில அதிர்ச்சி பற்றிய அறிவியல் ஆய்வின் தொடக்கங்களுள் ஒன்றாக அவ்வினாத்தாளைக் கருதுகின்றனர்.

ஆற்றை நோக்கித் திறந்திருக்கும் பெருஞ்சதுக்கத்தில்தான் அரண்மனை இருந்தது. எழுபதாயிரம் நூல்கள் கொண்ட அரச நூலகமும், கீழைக்கடல் வாணிபத்தை நடத்திய 'இந்திய இல்ல'த்தின் ஏடுகளும் அன்று அழிந்தன. மலாக்காவைப் பற்றிய எத்தனை கணக்குகள் அவற்றோடு போயினவோ! நல்வேளையாகக் கோட்டைக் கோபுரத்திலிருந்த அரசு ஆவணங்களை இடிபாட்டிலிருந்து பெரும்பாலும் மீட்டுவிட்டனர். சதுக்கத்தின் நடுவே 1775இல் நிறுவிய ஜோசே மன்னரின் சிலை நிற்கிறது. அதன் பீடத்திலும் ஒரு யானை! அதன் காலடியில் ஒரு மனிதன் கிடக்கிறான்.

அங்கிருந்து பத்து நிமிட நடை தொலைவில் சாந்து தொமிங்கோசு கோயிலின் முன் ஒரு சிறு கல் உண்டு. பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. 1506 ஏப்ரலில் இவ்விடத்தில் தொடங்கிய கலவரத்தில் ஈராயிரம் யூதர்கள் வரை கொல்லப்பட்டனர். பஞ்சமும் கொள்ளைநோயும் நிலவிய காலம். பழிபோட ஆள் தேவைப்பட்டது. 2008இல் நகரம் அதற்கு நினைவுக்கல் வைத்தது. 502 ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வைத்தார்களே. அக்கல்லின் அருகே ஆப்பிரிக்க முதியவர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நெடுநேரம் நின்றேன். கணவர் குளிருகிறது என்றார்.

சிந்திரா மலை அரண்மனை, வாஸ்கோ ட காமா பாலம், ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்கு முனையான ரோகா முனை ஆகியவற்றையும் பார்த்தோம். படங்களில் காண்பதுபோலவே இருந்தன. மற்றொரு செய்தி. நடைபாதைகள் வழவழப்பான சிறுகற்களால் ஆனவை, மழையில் வழுக்கும். முதியோரை அழைத்துச் செல்வோர் நல்ல காலணி வாங்கிக்கொள்க. பழைய கட்டடங்கள் செப்பனிடும் பணிக்காக அவ்வப்போது மூடப்படும். புறப்படுமுன் எது திறந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொள்வது நலம்.

கடைசி நாள் காலை மீண்டும் பெலேமுக்குச் சென்றோம். காரணம் வரலாறன்று, முட்டைப் பணியாரம். நம் ஊரில் முட்டை டார்ட் என்கிறோமே, அதன் உறவு. மடங்கள் மூடப்பட்ட பின் 1837 முதல் ஒரே கடையில் விற்றுவருகிறார்கள். பள்ளித் தோழியர்க்கென வாங்கிய இரண்டு டசனில் விமான நிலையம் சேர்ந்தது ஒன்பதுதான். கடையிலிருந்து சற்று நடந்தால் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரே ஒரு பூங்கா. நடுவில் உயர்ந்த தூணின் மேல் ஒரு சிலை. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயரே சதுக்கத்தின் பெயர்: அல்புகெர்க்கே. 1902இல் நிறுவியது.

பீடத்தின் நான்கு பக்கங்களிலும் புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் கோவாவின் சாவிகளை அவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஒன்றில் விசயநகரத் தூதர் வந்து நிற்கிறார். ஒன்றில், ஒர்முசுத் தீவுக்கான கப்பம் கேட்டு வந்தவர்க்குப் போர்க்கருவிகளைக் காட்டி, போர்த்துகல் மன்னர் கப்பம் கட்டும் நாணயம் இதுதான் என்கிறார். மற்றொன்று மலாக்கா வீழ்ச்சி. நான் வெண்பலகையில் எழுதிய அதே ஒற்றை வரி. அவர்கள் அதைக் கல்லில் எழுதியிருந்தார்கள், வெற்றி என்று. பிள்ளைகள் அப்பீடத்தைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். புறாக்களுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. சாந்து தொமிங்கோசில் இருந்த கல்லைப்போல் ஒன்று இங்கே இல்லை.

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. ஆனால், அக்கோபத்தை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது என்பதும் அங்கேயே தெரிந்தது. அந்தச் சிற்பத்தில் இல்லாத ஒருவர் என் நினைவுக்கு வந்ததே காரணம். அன்றைய மலாக்காவில் நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர், கெலிங் எனப்பட்ட நம்மவர்க்கும் வங்காளம், பெகு வணிகர்க்கும் ஒருவர், சாவகத்தார்க்கு ஒருவர், சீனர்க்கு ஒருவர். அங்கே 84 மொழிகள் பேசக் கேட்டதாக, 1512 முதல் சில ஆண்டுகள் அங்கிருந்த தோமே பிரெஸ் எழுதியிருக்கிறார். 1509இல் முதல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்து பகை மூண்டதில், அவர்களுள் சிலர் சிறைப்பட்டனர். அவர்களுக்கு இரகசியமாக உதவியவர் 'நினா சத்து' என்று போர்த்துக்கீசிய ஏடுகள் குறிக்கும் தமிழ் இந்து வணிகர். 1511 ஆகஸ்டில் நகரம் விழுந்தது. மசூதியையும் சுல்தான்களின் கல்லறைகளையும் பெயர்த்தெடுத்த கற்களால் கோட்டை எழுந்தது. உதவிய வணிகர் பெண்டஹாராப் பதவி பெற்றார். மன்னரின் பணத்தோடு தம் பணத்தையும் போட்டுப் பழவேற்காட்டுக்குக் கப்பல் விட்டார். மூன்றே ஆண்டுகள். 1514இல் பதவியைப் பறித்து வேறொருவர்க்குத் தர முடிவாயிற்று. அந்த அவமானத்தைத் தாங்காமல் அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார்.

நம் பாடநூல் வரிக்கும் சரி, அவர்களின் கல்லுக்கும் சரி, இந்த மனிதரை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை. காட்டிக்கொடுத்தவரா? வணிகம் பார்த்தவரா? சிறையில் வாடிய மனிதர்க்கு இரங்கியவரா?

2020 சனவரியில் பள்ளி திறந்தது. கேள்வி கேட்ட மாணவன் ஆறாம் ஆண்டுக்கு வந்திருந்தான். ஒரு பாடவேளையை முழுதாக ஒதுக்கிப் படங்களைத் திரையில் காட்டினேன். யானைகளுக்கும் காண்டாமிருகத்துக்கும் நல்ல வரவேற்பு. வகுப்பறையிலுள்ள போர்த்துக்கீசியப் பொருள்களைத் தொட்டுக் காட்டச் சொன்னதும், நாற்பது நிமிட அமைதி போயே போய்விட்டது. மிளகு வரியைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் படமாகப் பூங்காவில் எடுத்த மலாக்காச் சிற்பத்தைக் காட்டி, நினா சத்துவின் கதையையும் சொன்னேன். அவன் எழுந்து திரைக்கு அருகே வந்தான். வாளும் ஈட்டியுமாக நெருக்கியடிக்கும் அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"இதுல நம்ம பக்கம் எது, டீச்சர்?"

அன்று மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீயே சொல், எது?" என்றேன். மூன்று பேர் கையைத் தூக்கினார்கள்.